கரிச்சானின் வலது பெடல்

ஜனவரி 6, திங்கள்

கரட்டூர் ஓடுதளத்தில் பனி விலகும்வரை காத்திருந்தோம். நாச்சிமுத்து தன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஏனுங் மேடம், பொண்ணு பாக்க வந்தவங்களாட்ட ஒண்ணுஞ் சொல்லாம நிக்கறீங்க. புடிச்சிருக்குதா, இல்லீங்களா?"

"பொண்ணு முதல்ல நடக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

நாச்சிமுத்து கோயம்புத்தூரில் பம்ப்செட் வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர். இருவர் உட்காரும் இந்தப் பயிற்சி விமானத்தை ஏழு வருடமாக உருவாக்கி, போன மாதம்தான் அரசு அனுமதியும் வாங்கினார். பெயர் கரிச்சான், அந்தக் குருவியின் பெயரேதான். கறுப்பாகவும் துடிப்பாகவும் இருக்கிறது, பெயர் பொருத்தம்தான். ஓடுதளத்தில் புதிதாகத் தொடங்கும் பயிற்சிப் பள்ளி நான்கு விமானங்கள் வாங்கப்போகிறது. கரிச்சானா, வெளிநாட்டு விமானமா என்பது முடிவாகவில்லை. நான் ஓட்டிப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பிறகு பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் இம்தியாஸ் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். மாத இதழில் நான் எழுதும் விமான மதிப்புரைகளைப் படித்துவிட்டு என்னைத்தான் கேட்க வேண்டுமென்று பள்ளிக்காரர்கள் சொன்னார்களாம். முப்பத்தொரு வருடம் பறக்கக் கற்றுக்கொடுத்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

"அவங்க வேண்டாம்னுட்டா, கொட்டாயப் பூட்டீட்டுப் பம்புக்கே போயிருவனுங்" என்று நாச்சிமுத்து சிரித்தார். சிரித்து முடித்ததும் மறுபடி துணியை எடுத்துக்கொண்டார்.

நல்ல விமானம். வேகம் மிகவும் குறைந்தால் முன்கூட்டியே குலுங்கி எச்சரிக்கிறது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல குணம் வேண்டாம். ஒரே குறை, மேலே ஏறும்போது மூக்கு இடப்பக்கம் போகிறது. எல்லா விமானத்திலும் கொஞ்சம் உண்டு. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் மட்டும் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு மேட்டில் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புரொப்பல்லர் சுழலும் விசை அப்படித்தான் ஒரு பக்கமாக இழுக்கும். வலது பெடலை அழுத்தினால் வாலிலுள்ள சுக்கான் திரும்பி, மூக்கு நேராகிவிடும். கரிச்சானில் அழுத்தியும் நேராகவில்லை. பெடல் கல்லாக இருக்கிறது.

இறங்கியதும் சொன்னேன். சுக்கானின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு இருக்கிறது. அதைச் சற்றே வளைத்தால் காற்றே சுக்கானைத் தள்ளிக்கொடுக்கும், காலுக்குப் பாரம் குறையும். நாச்சிமுத்து உடனே குறடு எடுக்க ஓடினார்.

ஜனவரி 7, செவ்வாய்

புதுச் செருப்பு சரியில்லை. நடக்கும்போது வலது கால் செருப்பு கழன்றுகொண்டே வருகிறது. கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 11, சனி

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கரிச்சானுக்குப் போட்டியான வெளிநாட்டு விமானத்தை ஓட்டினேன். தாழ்ந்த இறக்கை, பெரிய கண்ணாடிக் கூரை, உள்ளே குளிர்சாதனம். திருமண மண்டபத்து மணமகன் அறை போல இருக்கிறது. ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் இதிலும் அதே தொல்லை, வலது பெடல் கனம். கரிச்சானைவிட ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் ஆசீரிடம் சொன்னேன். இக்காலத்து வடிவமைப்பாளர்கள் கணினித் திரையைப் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பெடலில் கால் வைத்துப் பார்க்கச் செலவிடலாம் என்றேன்.

"அப்போ உள்ளூர்க்காரன், வெளிநாட்டுக்காரன் எல்லாவனும் ஒண்ணு கூடி ஒன் வலது காலுக்கு எதிரா சதி பண்ணுதானுவோ, அப்படித்தான மணி?"

ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதர். தண்டவாளத்தில் போகும் வண்டிக்கு இடப்பக்கம் இழுக்கும் கவலை கிடையாது. அவருக்கு எங்கே புரியும்? இன்னொரு தோசை போட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

எதிர்வீட்டில் பொங்கல். இரண்டு தூக்கு வந்தது, ஒன்று சர்க்கரை அதிகம். திருப்பிக் கொடுக்க நம் வீட்டு முறுக்கை எடுக்கப்போனால் டப்பா மேல் தட்டில் இருந்தது. எக்கிப் பார்த்தேன், எட்டவில்லை. இந்த ஆசீர் எல்லாவற்றையும் உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறார். போன மாதம்வரை அதே தட்டில்தான் இருந்ததாம். சொல்கிறார்.

ஜனவரி 18, சனி

கரிச்சான், இரண்டாம் முறை. தகடு வளைத்ததில் கொஞ்சம் தேவலாம், இன்னும் போதாது. விமானத்தின் முன்பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும், உள்ளே ஒரு கறுப்புக் குண்டு. கொத்தனாரின் ரசமட்டம் போலத்தான். குண்டு நடுவில் நின்றால் விமானம் நேராகப் போகிறது என்று அர்த்தம். குண்டு வலப்பக்கம் நகர்ந்தால் வலது காலை அழுத்த வேண்டும். நான் ஏறும்போதெல்லாம் குண்டு வலப்பக்கமே போய் உட்கார்ந்துகொண்டது.

நாச்சிமுத்து பட்டறை ஆட்களை ஒரு வேன் நிறைய அழைத்து வந்திருந்தார். விமானம் இறங்கியதும் கைதட்டினார்கள். நான் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"இன்னும் இழுக்குதுங்களா?"

"இழுக்குது. இன்னும் கொஞ்சம் வளைச்சுப் பாருங்க."

"நீங்க சொன்னாச் செரிங்" என்றார். பெரிய குழந்தைக்குக் காதுகுத்துவது போல ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே தகட்டை வளைத்தார்.

ஜனவரி 23, வியாழன்

இதழின் பழைய விமானங்கள் பக்கத்துக்காக இன்று ஒரு அருமையான கிழவனை ஓட்டினேன். வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவர் பராமரிக்கும் பிரிட்டிஷ் விமானம். என்னைவிட வயதில் மூத்தது. துணி போர்த்திய இறக்கை, திறந்த இருக்கை, எண்ணெய் வாசனை.

என்ன சுகம்! குண்டு கோந்து போட்டு ஒட்டியதுபோல் நடுவிலேயே நின்றது. வலது கால் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனேன். இதன் எஞ்சின் மற்றவற்றுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. அதனால் விமானம் வலப்பக்கம் இழுக்கும், இடது காலுக்குத்தான் வேலை. அந்த வேலையும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருந்தது. அந்தக் காலத்தில் பெடல் செய்தவர்களுக்கு மனிதக் கால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

மதிப்புரையை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பத்துக்கு ஒன்பதரை கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

போத்தனூர் ரயில்வே கேட் அருகே நான் பிரேக் பிடித்தது தாமதம் என்று ஆசீர் சத்தம் போட்டார். பிரேக் தேய்ந்திருக்கும் என்று காரை மெக்கானிக்கிடம் விட்டேன். புதுசு மாதிரி இருக்கு என்கிறான். வேறு மெக்கானிக் பார்க்க வேண்டும்.

ஜனவரி 29, புதன்

கரிச்சான், மூன்றாம் முறை. கடைசியில் வழிக்கு வந்தது. ஏறும்போது குண்டு ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. சமமாகப் பறக்கும்போது இடது காலுக்குச் சிறிது வேலை இருக்கிறது, அது ஒரு பொருட்டல்ல.

நாச்சிமுத்து தேநீர் வாங்கி வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்தார். அவரும் விமானி உரிமம் உள்ளவர், கரிச்சானை முதலில் பறக்கவிட்டதே அவர்தான்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே மேடம்? நேத்து நான் ஓட்டறப்ப வலப்பக்கமா இழுக்குதுங். எடது காலு கடுத்துப் போச்சு."

பொறுமையாக விளக்கினேன். கோணலான நாற்காலியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவனை நேரான நாற்காலியில் உட்கார வைத்தால், நாற்காலிதான் கோணல் என்பான். கோணல் விமானத்துக்குப் பழகிய கால் உங்களுடையது, நேராக்கியதும் அது தடுமாறுகிறது என்றேன்.

"அப்ப நான்தான் இத்தன வருசமாத் தப்பா ஓட்டீட்டு இருந்தனாட்ட இருக்குதுங்" என்றார். தேநீரைக் குடிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

அறிக்கையின் முதல் வரைவு எழுதியாயிற்று. "வலப்பெடல் குறை உருவாக்கியவரால் சரிசெய்யப்பட்டது, அடிப்படை வடிவமைப்பில் கவனம் தேவை."

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராகக் கரட்டூர். அறிக்கை வேலை எல்லாம் முடிந்ததால் இம்தியாஸ் தன் கிளைடரில் பறக்கக் கூப்பிட்டிருந்தார். கடற்படையில் இருந்தவர், என்னைவிட இருபது வயது இளையவர், யாரையும் புண்படுத்தாமல் பேசுகிறவர். நீண்ட மெல்லிய இறக்கை. ஒரு சின்ன எஞ்சினால் மேலே ஏறி, பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பருந்து போல மிதக்கலாம்.

ஏற்றியது அவர். திருமூர்த்தி மலைப்பக்கம் போனதும் எஞ்சினை நிறுத்தினார். காற்றின் சத்தம் மட்டும். கீழே காற்றாலைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன.

"எடுத்துக்கோங்கக்கா" என்றார்.

கிளைடரில் குண்டுக்குப் பதிலாகக் கண்ணாடியின் வெளியே நடுவில் ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். விமானம் காற்றில் நேராகப் போனால் நூலும் நேராகப் பறக்கும். சறுக்கினால் சாயும். நூலைவிட எளிய கருவி உலகத்தில் கிடையாது. அதற்குப் பழுது வராது.

இடப்பக்கம் திருப்பினேன். நூல் நேராக நின்றது. வலப்பக்கம் திருப்பினேன். நூல் இடப்பக்கம் சாய்ந்தது.

"வலது கால் குடுங்கக்கா."

"குடுத்துட்டுதான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"முழுசா அழுத்திட்டேன் இம்தியாஸ்."

அவர் என் காலைக் குனிந்து பார்த்தார். இரண்டு பேர் பெடலும் உள்ளே இணைந்தவை. நான் அழுத்தினால் அவர் பக்கமும் நகர வேண்டும்.

"பெடல் நகரவே இல்லக்கா" என்றார், மிகவும் மெதுவாக.

மறுபடி செய்தேன். மறுபடி சாய்ந்தது. அவர் வாங்கி ஓட்டினார். வலப்பக்கம் திரும்பினோம், நூல் வகிடு எடுத்ததுபோல் நேராக நின்றது.

எஞ்சின் ஓடவில்லை. இழுப்பதற்குப் புரொப்பல்லர் இல்லை. குறை சொல்வதற்கு எதுவுமே இல்லை.

இறங்கிய பிறகு வேறு எதையெதையோ பேசினோம். கிளம்பும்போது மட்டும், "சனிக்கிழம நான் கரிச்சான் ஓட்டறேன். நீங்க அதுக்கு முன்னாடி ஒரு நல்ல டாக்டரப் பாருங்கக்கா" என்றார். தகட்டை இரண்டு முறை வளைத்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

முருங்கைக்காய் சாம்பார். எழுத வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். இடது குதிகால் எழுந்தது. வலது எழவில்லை. தரையில் ஆணி அடித்ததுபோல் கிடந்தது. மறுபடியும் மறுபடியும் பார்த்தேன்.

ஆசீர் வாசலில் நின்றிருந்தார்.

"எவ்வளவு நாளா மணி?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்னாடியே நீ நடக்கையில ஒரு சத்தம் கேட்டுச்சு. தப், தப்னு. சொன்னா எம் மேல வள்ளுன்னு விழுவேன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"செருப்புக் கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போனவட்ட நான் என்னத்தச் சொல்ல?"

சிரித்துவிட்டேன். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

பிப்ரவரி 5, புதன்

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. வலியே இல்லையே என்றேன். "வலி இருந்திருந்தால் எப்போதோ வந்திருப்பீர்கள். சிலருக்கு வலி வராமல் பலம் மட்டும் போகும்" என்றார் டாக்டர். சிகிச்சை உண்டு. பலம் திரும்பலாம், முழுவதும் திரும்பாமலும் போகலாம். அறுபத்து நான்கு வயதுக்கு உறுதி சொல்ல முடியாதாம். விமானம், கார் இரண்டும் இப்போதைக்குக் கூடாது.

வரும் வழியெல்லாம் கரிச்சானை நினைத்துக்கொண்டே வந்தேன். நல்ல விமானம் அது. பார்வை சரியாக உள்ளவனுக்கு என் கண்ணாடியை மாட்டிவிட்டதுபோல், என் காலுக்கு ஏற்றபடி அதன் வாலைக் கோணலாக்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இம்தியாஸ் ஓட்டுவார். அது வலப்பக்கம் இழுக்கும். தன் விமானத்தைத் தானே ஒழுங்காகச் சரிசெய்யத் தெரியாதவர் என்று நாச்சிமுத்துவைப் பற்றி எழுதுவார். அதில் அவர் தவறும் இராது.

நான் பேசாமல் இருந்தால், தகட்டைக் கோணலாக்கியது என் கால்தான் என்று யாருக்கும் தெரியாது. கால் சரியாகிற வரை ஊரில் இல்லை என்று சொல்லி இருந்துவிடலாம். சரியானால் மறுபடி பறக்கலாம். பேசினால் மதிப்புரை எழுதும் வேலை போகும். மூன்று விமானங்களைத் தப்பாக எடை போட்டவளிடம் நான்காவதை யார் கொடுப்பார்கள்?

பிப்ரவரி 6, வியாழன்

ஆசீர் கார் ஓட்ட, கரட்டூர் போனேன். நாச்சிமுத்து கரிச்சானுக்குப் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். குறை விமானத்தில் இல்லை, என் காலில்.

அவர் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னிக்கு, வலப்பக்கம் இழுக்குதுன்னு நான் சொன்னது?"

"நீங்க சொன்னதுதான் சரி."

"கோண நாற்காலின்னு கத சொன்னீங்களே?"

"அதுவும் என்னப் பத்தின கததான்."

அவர் குனிந்து தன் இடது காலைத் தடவினார்.

"என்ற கால்லதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சனுங் மேடம். ஊட்டுல சம்சாரம் தெனமும் தைலம் தேச்சு நீவி உட்டாளுங். மசுரு கூடக் கொட்டிப்போச்சு அந்தக் கால்ல." குரல் உயர்ந்தது. "நாளான்னிக்கு அவரு ஓட்டறாரு. ஏழு வருசமுங்!"

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

கொட்டகைக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆசீர் போய்ப் பக்கத்தில் நின்றார். இரண்டு ஆண்களும் ஓடுதளத்தைப் பார்த்தார்கள். பிறகு நாச்சிமுத்து உள்ளே வந்து குறடை எடுத்தார்.

"நாளைக்குக் காத்தால நிமித்தி ஓட்டிப் பாத்துரலாமுங். நீங்களும் வாங்க."

"நான் பக்கத்துல உட்கார்ந்து குண்டப் பார்த்துச் சொல்றேன்."

"குண்டயும் நானே பாத்துக்கறனுங். நீங்க வெறுமனே உக்காருங்க, போதும்."

பிப்ரவரி 7, வெள்ளி

தகட்டை நிமிர்த்துவதும், பறப்பதும், இறங்கி இன்னும் சிறிது நிமிர்த்துவதுமாகக் காலை முழுவதும் போயிற்று. ஓட்டியது அவர். முதல் தடவை, "இது போதுங்களா?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அடுத்த தடவை கேட்கவில்லை. அதற்கடுத்த தடவை பறக்கும்போதே, "ஆங், இதுதான் என்ற கரிச்சான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்குத்தான் சிரமமாக இருந்தது. பக்கத்து இருக்கையிலும் பெடல் உண்டு. பயிற்சியாளரின் கால்கள் எப்போதும் அதற்கு ஒரு விரற்கடை மேலே காத்துக்கொண்டு இருக்கும். மாணவன் தடுமாறினால் அழுத்த வேண்டும், தடுமாறாவிட்டால் அவனுக்குத் தெரியவே கூடாது. முப்பத்தொரு வருடம் அப்படியே இருந்த கால்கள் இன்றும் தாமாகவே போய் அங்கே நின்றன. கடைசியாக இறங்கும்போது அவற்றை எடுத்துத் தரையில் வைத்தேன். இரண்டையும்.

பூப்போல இறங்கியது விமானம். நான் ஓட்டிய மூன்று தடவையிலும் அவ்வளவு நன்றாக இறங்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

இம்தியாஸ் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டினார். இறங்கி வந்ததும் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்தார்.

"ஒரே ஒரு கம்ப்ளெயின்ட். சீட்டா அது? அம்மிக்கல்லு. குஷன மட்டும் மாத்திக் குடுங்க. மிச்சத்தத் தொடவே தொடாதீங்க. யார் சொன்னாலும் தொடாதீங்க."

யார் சொன்னாலும் என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவும் பார்க்கவில்லை. தகட்டின் கதையைக் காலையிலேயே இம்தியாஸிடம் நான் சொல்லியிருந்தேன். பள்ளிக்கு நான்கையும் கரிச்சானாகவே வாங்கச் சொல்லப்போகிறாராம். பட்டறை ஆட்கள் மறுபடி வேனில் வந்திருந்தார்கள். இந்த முறை அவர்கள் கைதட்டலை யாரும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

பள்ளிக்கு அனுப்ப இருந்த அறிக்கையைக் கிழித்துவிட்டேன். இதழுக்கு மட்டும் எழுதினேன். தொடக்கம் இப்படி: "கரிச்சானை நான் மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் என் காலின் குறையை அதன்மேல் சுமத்தினேன். வெளிநாட்டு விமானத்தின் பெடலைக் குறை கூறியதும், பழைய பிரிட்டிஷ் விமானத்தை அளவுக்குமீறிப் புகழ்ந்ததும் இதே காரணத்தால்தான். மூன்றையும் வேறொரு விமானி மறுபடி ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். கரிச்சானைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் மட்டும் சில வார்த்தைகள்."

விமானம் ஓட்டத் தகுதியென்று எனக்குத் தந்த மருத்துவச் சான்றைத் திருப்பி ஒப்படைக்கும் கடிதத்தையும் எழுதி முடித்தேன்.

ஆசீர் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டையும் நிதானமாகப் படித்தார். ரயில் வரும் நேரத்தைச் சரிபார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார்.

"மணி, இத அச்சுல போட்டா, இனிமே ஒரு பயலும் உனக்கு விமானம் தரமாட்டான்."

"தெரியும்."

"கால் சரியாப் போயிட்டா?"

"அப்பவும் தரமாட்டான்."

"அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க."

அனுப்பினார். பிறகு எழுந்து, டாக்டர் சொன்ன பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று சுவரோரம் என்னை நிறுத்தினார். என் வலது குதிகாலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, "ம், தூக்கு" என்றார்.